பலகை வரைக்கும்

போன மழைக்காலத்தில் லூர்துராஜின் மனைவி செசிலியா அந்துப்பூச்சியானாள். வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வெளியே போகும்போது அவர் அவளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அதிலிருந்த ஜெபமாலையைக் கால்சட்டைப் பைக்கு மாற்றிவிட்டார்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கோத்தகிரியில் பேத்திக்கு ஞானஸ்நானம். "அம்மா வராம புள்ள தலையில தண்ணி ஊத்த விடமாட்டேன்" என்று மகள் புளோரா சொல்லியிருந்தாள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிய பஸ் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நின்றது. சாலையோரம் வனத்துறையின் எல்லைப் பலகை ஒன்று. வனக்காவலர் மாரப்பன் பஸ்ஸில் ஏறினார்.

"பைக்குள்ள யாருங்க?"

"வீட்டுக்காரிங்க."

மாரப்பன் கையிலிருந்த பூச்சிப் புத்தகத்தைப் பிரித்தார். "முன்னிறகு சாம்பல். ஓரத்துல காப்பிக்கலர் வரி ரெண்டு. பின்னிறகுல மஞ்சப் பிறை. அம்மிணி, கொஞ்சம் விரிங்க."

செசிலியா விரித்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

"இருப்பிடம், சமவெளியிலிருந்து பலகை வரைக்கும். இதுக்கு மேல இந்த இனம் இல்லீங்க."

"இதோ இருக்காளேங்க."

"புஸ்தகத்துல இல்லீங்க."

காற்று அவளைக் கொண்டுபோய்விடாதபடி முன்சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். மணி பத்தரை.

மாரப்பனின் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன. லூர்துராஜ் பழக்கத்தில் இரண்டு ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்தார். செசிலியாவுடையதை எடுத்து நீட்டினார்.

"லஞ்சமுங்களா?"

"குளிருதுல்ல, போட்டுக்கோங்க. நாங்க எறங்கிக்கறோம்."

மாரப்பன் போட்டுக்கொண்டார். ரோஸ் நிறம். கை முழங்கை வரைதான் வந்தது. செசிலியாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இறங்கிப் போய்ப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். லூர்துராஜின் பக்கத்தில் உட்கார்ந்து அதை மடியில் நிறுத்தினார்.

"பலகை வரைக்கும்னுதான் போட்டிருக்கு. வண்டிய எடுங்க."

தேயிலைச் சரிவெல்லாம் சாம்பல் பூச்சிகள் பஸ்ஸின் பின்னால் பறந்து வந்தன. ஒன்றுகூடப் பலகையை முந்தவில்லை.

அவர்கள் வந்துசேரும்வரை கோயில் கடிகாரம் பதினொன்றிலேயே நின்றிருந்தது. மாரப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையோடு வாசலில் நின்றார். புளோரா குழந்தையோடு ஞானஸ்நானத் தொட்டியருகே இருந்தாள்.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க, சாமி?" என்று மாரப்பன் பாதிரியாரைக் கேட்டார்.

"இருபது அடி."

மாரப்பன் நடந்துபோய்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் பலகையை ஊன்றினார். கல்தரை வழிவிட்டது.

செசிலியா பறந்துபோய்க் குழந்தையின் நெற்றியில் உட்கார்ந்தாள். பாதிரியார் இடது கையை அவளுக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தண்ணீரை ஊற்றினார்.