குறுக்கே படுத்த ரூரி டெவெனி

எங்கள் மூதாதை ரூரி டெவெனியின் எலும்புக்கூடு, அகழாய்வு நடந்த கோடையில் இரண்டு முறை திரும்பிப் படுத்தது. மேயோ கடற்கரையில் கூரையிழந்து செம்மறிகள் ஒதுங்கும் பழைய சிற்றாலயத்துக்குள் அவருடைய குழியை மூடியிருந்த பலகைக்கல்லைத் தூக்கியபோது, தலை கிழக்கே இருந்தது. எங்கள் ஊரில் செத்தவர்களைத் தலை மேற்கே வைத்துத்தான் புதைப்போம்; கடைசி நாளில் சூரியனைப் பார்த்து எழவேண்டும். கல்யாணம் கட்டாமல் பூசை வைக்கும் சாமியாருக்கு மட்டும் தலை கிழக்கே. அவர் எழும்போது தம் மக்களைப் பார்க்கவேண்டும். இது தெரியாத குழந்தை ஊரில் கிடையாது. நாங்கள் எல்லோரும் ரூரியின் வழிவந்தவர்கள் என்பதும் ஊருக்குத் தெரியும்.

கல்லறைத் தோட்டத்து மதிலில் சாய்ந்து நின்ற பாட்சி லாவெல், "அப்போ நீங்கல்லாம் சாமியார் பெத்த பிள்ளைங்களா, நோரா? இவ்வளவு நாளா சொல்லவே இல்லையே," என்றான்.

குடும்பத்தில் மூத்தவளான நோரா டெவெனி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு குழிக்குப் போய், "ஐயா, கண்டவன் சிரிக்கிறான். ஒழுங்காத் திரும்பிப் படுங்க," என்றாள். மறுநாள் காலை தலை மேற்கே இருந்தது. அகழாய்வை நடத்திய ஆர்லா, வரைந்த படத்தை அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். "அடுத்த தடவை ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திருப்புங்கம்மா," என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

பாட்சி விடவில்லை. பலகைக்கல்லில், சாமியார்களின் கல்லில் மட்டும் செதுக்குகிற பூசைக் கிண்ணம் இருந்தது. "சாமியார் இல்லேன்னா சாமியார் கல்லு எப்படி வந்துச்சு? உங்க ஆளு தூக்கிட்டு வந்துட்டாரா?"

சாமியாரின் பிள்ளைகளா, கல் திருடனின் பிள்ளைகளா என்று மீன் சந்தை வரைக்கும் பேச்சாயிற்று. நோரா மழையில் குழியருகே நின்று, குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றும்படி ரூரியிடம் சொன்னாள். எப்படி என்று சொல்லவில்லை, அவளுக்கே தெரியாது. மறுநாள் அவர் தலை வடக்கும் கால் தெற்குமாகக் குறுக்கே படுத்திருந்தார். அதற்கு இடம் போதாமல் சிற்றாலயத்தின் சுவர் கொஞ்சம் விலகிக்கொடுத்திருந்தது. குறுக்கே படுப்பவரைப் பற்றி ஊரில் வழக்கம் எதுவும் இல்லாததால், பாட்சி மதிலை விட்டு நகர்ந்து வீட்டுக்குப் போனான். ஆர்லா புதுத்தாள் எடுத்தாள்.

நோரா இறந்தபோது அவள் கேட்டபடியே அவளையும் குறுக்கே வைத்தோம். அதன்பின் டெவெனிகளுக்குக் குறுக்குக் குழிதான்; வெட்டுகிறவர் கேட்பதுகூட இல்லை. லாவெல்களின் கல்லறைகள் தெற்கு மதிலோரம் இருக்கின்றன. கடைசி நாளில் ஊர் முழுவதும் சூரியனைப் பார்த்து எழும். நாங்கள் லாவெல்களைப் பார்த்து எழுவோம்.