மாம்பூ மாதத்தில் யாமினியின் முகம்

தை பிறந்து தோப்புகள் பூத்ததும் யாமினிக்குத் தும்மல் தொடங்கியது. காலையில் கண் விழித்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே மூக்கைத் தேய்த்துத் தேய்த்துத் தும்முவாள். ஒருநாள் அவள் திரும்பிப் பார்த்தபோது இரண்டு இமைகளும் உப்பிக் கிடந்தன. அவள் அப்பா கோவர்த்தனன் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தான்.

வேறு பிள்ளையாக இருந்தால் முகத்தைக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பான். யாமினிக்கு மூன்று வயதிலிருந்தே சிறுநீரகத்தில் கோளாறு. உடம்பில் நிற்க வேண்டிய புரதம் மூத்திரத்தில் ஒழுகிப்போய் முகமும் காலும் வீங்கிவிடும். திருப்பதி ஆஸ்பத்திரி மாத்திரைக்கு அடங்கும். சில மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடி தலைகாட்டும். அப்படி வரும்போதெல்லாம் முதலில் வீங்குவது இமைதான்.

இத்தனை நாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் அவன் மனைவி யசோதா. போர்க் கிணறு வற்றிக் கரும்பு காய்ந்த பிறகு, தங்கள் ஊரான பாலசமுத்திரத்துப் பெண்கள் சிலரோடு அவளும் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் கோவர்த்தனனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். காலை மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். தண்ணீர்போல் தெளிந்திருந்தால் நல்லது, வெள்ளையாகத் திரிந்தால் நோய் வந்துவிட்டது.

அன்று காட்டினான். வெள்ளையும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தால் புகை படிந்ததுபோல் இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோனால் தெளிவாகத் தெரிந்தது. குழாயைச் சரியாகக் கழுவவில்லையோ என்று கழுவி மறுபடி காட்டினான். அப்போதும் பிடிபடவில்லை.

பஸ் ஏறிச் சித்தூர் போய்க் குழந்தை டாக்டரிடம் காட்டினான். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "மாம்பூ அலர்ஜி. இந்த சீசன்ல பாதிப் பிள்ளைங்க இப்படித்தான் வராங்க. பயம் ஏமி லேது, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். பழைய நோயைச் சொன்னதும் யோசித்து, தும்மலுக்கு ஒரு மாத்திரையும் மூக்கில் விட உப்புத்தண்ணீர்ச் சொட்டும் எழுதினார். "எதுக்கும் உங்க திருப்பதி டாக்டரை ஒரு வாட்டி பாத்துடுங்க."

கோவர்த்தனன் சொட்டு மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றான். வீக்கம் வந்தால் உப்பைக் குறை என்று யசோதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சோற்றில் போடாத உப்பை மூக்கில் விடலாமா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு மாத்திரையை மட்டும் கொடுத்தான்.

மத்தியானத்துக்குள் இமை வடிந்துவிட்டது. மாத்திரை கேட்டுவிட்டது என்று மூச்சு விட்டான். மறுநாள் காலையில் பழையபடி வீக்கம். அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது, சிறுநீரக வீக்கமும் இப்படித்தான், காலையில் ஏறிப் பொழுது ஏற ஏற இறங்கும். அப்படியானால் நேற்று வடிந்தது மாத்திரையாலா, தானாகவா?

பக்கத்து வீட்டுச் செங்கம்மா எட்டிப் பார்த்து, "பழைய நோவுதான் கோவர்த்தனா. மூஞ்சியைப் பாத்தாலே தெரிது" என்றாள். மருந்துக்கடைக்காரன், "வெறும் சளிண்ணா, ஒரு சிரப்பு தரேன்" என்றான். இருவரும் அடித்துப் பேசினார்கள். கேட்கும்போது இரண்டுமே சரியாகப் பட்டது. சிரப்பை மட்டும் அவன் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை யசோதாவுக்கு லீவு. முனிரத்தினத்தின் எஸ்.டி.டி. பூத்துக்கு அன்றைக்குப் போன் வரும். யாமினியை அழைத்துக்கொண்டு போனான்.

"மூஞ்சி எப்டிக்கீது?" இதுதான் யசோதாவின் முதல் கேள்வி.

"காலைல உப்பிக்கினு கீது. தும்மிக்கினே இருக்குது. பூவாலயா, அதுவான்னு தெரியல."

"காலப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அங்கேயே குனிந்து சாக்ஸைக் கழற்றினான். கணுக்காலில் கோடு பதிந்திருந்தது. "கோடு கீது."

"சாக்ஸ் போட்டா எந்தக் கால்லயும் கோடு வரும். எலும்பு மேல அமுக்கிப் பாரு. பள்ளம் வுழுதா?"

அமுக்கினான். பள்ளம் விழுந்ததுபோலவும் இருந்தது, விழாததுபோலவும் இருந்தது. "கூசுது நைனா" என்று யாமினி காலை இழுத்துக்கொண்டாள்.

"தெரியலம்மே" என்றான்.

"நான் வந்துடட்டுமா?" என்றாள்.

வா என்று சொல்லத்தான் வாய் வந்தது. வெறும் தும்மலாக இருந்து அவள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றால்? "திருப்பதிக்கு இட்டுக்கினு போறேன். அடுத்த வாரம் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

திருப்பதி போகும் புத்தலப்பட்டு ரோட்டில் இரண்டு பக்கமும் மாமரங்கள். யாமினியின் மூக்கில் துண்டைக் கட்டி, பஸ் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போனான். திருப்பதி டாக்டரம்மா முகத்தையும் காலையும் பார்த்து, மூத்திரத்தையும் பரிசோதிக்க அனுப்பினார்.

"இப்போதைக்கு அது இல்ல. மூத்திரத்துல புரதம் லேசா ஒரு நிழல் மாதிரி இருக்குது, அவ்வளவுதான். இது பூவோட அலர்ஜி."

"அப்போ பயமில்லையாம்மா?"

"அப்படிச் சொல்ல முடியாது. சளியோ அலர்ஜியோ வந்தா அந்தப் பழைய வியாதி எழுந்துக்கலாம். எழுந்துக்காமலும் போகலாம். அலர்ஜியைக் கட்டுல வையுங்க."

உப்புச் சொட்டைக் கேட்டான். டாக்டரம்மா சிரித்தார். "மூக்குல விடுறது விடுங்க. சாப்பாட்டுலதான் குறைக்கணும்."

"வீட்டாண்ட இருக்கிற தோப்ப வெட்டிடலாமாம்மா?"

"ஊர்ல இருக்கிற தோப்பை எல்லாமா வெட்டுவீங்க?"

வீட்டுக்கு வந்ததும் யாமினியின் கட்டிலைத் தோப்புப் பக்கத்து அறையிலிருந்து சமையல் கட்டோரம் இழுத்துப் போட்டான். ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிட்டான். துணிகளை வெளியே கொடியில் போடாமல் உள்ளேயே உலர்த்தினான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முகம் கழுவி, தலைக்கு ஊற்றி, வேறு சட்டை போட்டுவிடுவான். பிறகு மூக்கில் சொட்டு விடுவான். தினமும் தலைக்கு ஊற்றினால் ஜன்னி வரும் என்று செங்கம்மா பயமுறுத்தினாள். அதற்கும் பயந்தான், ஆனாலும் நிறுத்தவில்லை.

தும்மல் மெல்ல மெல்லக் குறைந்தது. கண் அரிப்பு நின்றது. காலையில் முகம் பளிச்சென்று இருந்தது. அடுத்து வந்த போனில், "வர வேணாம், நல்லாக்கீது" என்று சொன்னான்.

மாசி பாதியில் ஒருநாள் யாமினி தும்மாமல் எழுந்தாள். மூக்கு ஒழுகவில்லை, கண் சிவக்கவில்லை. ஆனால் இமைகள் வீங்கியிருந்தன. "அரிக்குதா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். குழாயை விளக்கில் காட்டினான். தயிர் உறைந்ததுபோல் வெள்ளையாகத் திரிந்தது. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு யாமினியோடு முதல் பஸ்ஸுக்கு ஓடினான்.

"கால் வீங்கறதுக்குள்ள வந்துட்டீங்க. தும்மலும் சேர்ந்திருந்தா இன்னும் நாலு நாள் பூவாலதான், பூவாலதான்னு இருந்திருப்பீங்க" என்றார் டாக்டரம்மா. பழைய நோய்க்கான பெரிய மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்.

"பூவாலதான் வந்துச்சாம்மா? இல்ல, தானா வந்துச்சா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாதுப்பா."

இதைப் போனில் எப்படிச் சொல்வது என்று அவன் வாரம் முழுக்க யோசித்தான். யசோதா குறுக்கே பேசாமல் கேட்டாள். "தெனம் தலைக்கு ஊத்துனியே, அதனாலயா?" என்றாள். "இருக்காது" என்றான். "நான் இருந்திருந்தா வந்திருக்காதோ?" என்றாள். "நீ இருக்கசொல்லயும்தான வந்துச்சு" என்றான். அது ஆறுதலா குத்தலா என்று அவனுக்கே விளங்கவில்லை. அவள் அழுததுபோல் இருந்தது. ஆனால் லைனில் இரைச்சலும் இருந்தது.

மாத்திரை கேட்டது. பங்குனி பிறப்பதற்குள் குழாய் தெளிந்தது. யாமினி பசி பசி என்று தின்றாள், கன்னம் இரண்டும் பூரிபோல் உருண்டுவிட்டன. அந்த மாத்திரைக்கு முகம் அப்படித்தான் உப்பும், பிறகு வற்றும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பார்த்தவர்கள், "பொண்ணு நல்லா தேறிட்டுது" என்றார்கள். கோவர்த்தனன் மறுநாள் காலையிலும் குழாயை விளக்கில் காட்டினான்.

யசோதா ஒரு போட்டோ கேட்டாள். சித்தூர் ஸ்டூடியோவில் எடுத்து, குவைத்துக்குத் திரும்பிப் போன ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினான். அது போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"இது இன்னா வீக்கம்?" என்றாள்.

"வீக்கமில்ல. மாத்திரை."

"நெசமா தெரியுமா?"

அன்று காலையிலும் குழாயைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். தண்ணீர்போல்தான் இருந்தது.

"இன்னிக்குத் தெரியும்" என்றான்.