மூன்று நாள் மகன்

குனிசதா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகன் கெய்ஜி ஒசாகாவில். புத்தாண்டுக்கு மட்டும் பேசுவான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் அடித்தது.

"அப்பா, நான்தான். சளி பிடிச்சு குரலே மாறிப்போச்சு. சாப்பிட்டீங்களா?"

இது கெய்ஜி இல்லை என்று அந்தக் கேள்வியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் வைக்கவில்லை. முள்ளங்கி வேகவைத்ததைச் சொன்னார், முட்டி வலியைச் சொன்னார். அவன் 'ம்' கொட்டிக் கேட்டான். மறுநாளும் கூப்பிட்டான். மூன்றாம் நாள்தான் அழுதான். ஆபீஸ் பணத்தைத் தொலைத்துவிட்டானாம். இருபது லட்சம் யென் வேண்டும், நண்பன் ஒருவன் வந்து வாங்கிக்கொள்வான்.

குனிசதா ரயிலடி போலீஸ் சாவடிக்கு நடந்தார். அங்கே இருந்த பெண் காவலர் மினோபே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

"முதல் நாளே தெரியும்னா, ஏன் ஐயா மூணு நாள் பேசினீங்க?"

"வேற யாரும்மா பேசறாங்க?"

அதை அவள் எழுதவில்லை. "ஏமாந்த மாதிரியே இருங்க. வர்றவனை நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

மறுநாள் மதியம், வெறும் காகிதம் திணித்த உறையோடு வாசலில் நின்றார். தொளதொளவென்று கோட்டு போட்ட இளைஞன் ஒருவன் வந்து, குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் வாங்கினான். காவலர்கள் பாய்ந்தபோது அவன் ஓடக்கூட இல்லை.

"வாங்கிட்டு வரச் சொன்னாங்க, அவ்வளவுதான்" என்றான். போனில் கேட்ட குரல் அது இல்லை.

தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நகராட்சி மானியத்தில் ஒரு கருவி கொடுக்கிறது. அன்று மாலையே மினோபே அதை அவர் போனில் பொருத்தினாள். யார் கூப்பிட்டாலும், 'இந்தப் பேச்சு பதிவாகிறது' என்று முதலில் சொல்லிவிடும்.

"இனி அந்தக் கும்பல் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்காது ஐயா."

ஒரு மாதம் போன் அடிக்கவே இல்லை. காவல்துறையின் பாராட்டுப் பத்திரம் வந்தது. அதைச் சாக்கிட்டு மகனை அவரே கூப்பிட்டார்.

"உனக்கு எதுக்குப்பா இந்த வம்பெல்லாம்? உன் வீடு அவங்களுக்குத் தெரியும்ல? சரி, மீட்டிங் இருக்கு, வச்சிடறேன்."

மறுநாள் சாவடிக்குப் போனார். "பிடிச்சீங்களே, அந்தப் பையன். அவனைப் பாக்க யாராவது வந்தாங்களா?"

"அதை நான் சொல்லக் கூடாது ஐயா. உக்காருங்க, டீ போடறேன்."

"இல்லம்மா, வேலை கிடக்கு."

வேலை ஒன்றும் இல்லை. மீன்கடை வரை நடந்து, ஒரு துண்டு கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.