முயல் கிழிசல்

கம்ஷத் பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, தாய் முயல் தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிப் போட்டிருந்த ரோமத்தை மெல்ல விலக்கினாள். அடியில் கண் திறக்காத குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் மல்லாத்தி, கொட்டகைக் கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் பிடித்தாள். மெல்லிய தோலுக்கு உள்ளே, குடித்த பால் வெள்ளையாகத் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வயிறு ஒட்டியிருந்த ஒன்றை மட்டும் தனியே தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். தாயை மடக்கிப் பிடித்து அதற்கு மட்டும் இன்னொரு தடவை குடிக்கவிட வேண்டுமாம்.

"இதுங்க குடிச்சிச்சா இல்லையான்னு கண்ணாலயே தெரிஞ்சிடுதுக்கா. எம்புள்ளைக்கும் இப்படித் தெரிஞ்சா எவ்ளோ நல்லாருக்கும்."

நான் அவளுடைய ஓரகத்தி, இந்த வீட்டு மூத்த மருமகள். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அந்த வாய் அன்று எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை.

அவள் மகள் இன்ஜு மேலுதடு பிளந்து பிறந்திருந்தாள். அண்ணமும் சேர்ந்தே பிளந்திருந்ததால் மார்பில் உறிஞ்ச முடியாது. கம்ஷத் பாலைக் கிண்ணத்தில் பீய்ச்சி, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, சொட்டுச் சொட்டாக ஊட்டுவாள். பாதி மூக்கு வழியாகத் திரும்பி வரும். துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுவாள். தைத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை, எடை ஐந்து கிலோ ஆனதும் கொண்டு வாருங்கள் என்று நகரத்து டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அந்த ஐந்து கிலோவைத் தவிர வேறு கவலை இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது.

பிள்ளைத்தாய்ச்சி முயல் கறி தின்றால் பிள்ளைக்கு உதடு கிழியும் என்பார்கள். எங்கள் கசாக் பேச்சில் அந்த உதட்டுக்கே 'முயல் கிழிசல்' என்றுதான் பெயர். பெயரே அப்படி இருக்கும்போது டாக்டர் சொல்வது யார் காதில் ஏறும்? அபா, அதாவது எங்கள் மாமியார், டீ குடிக்க வந்த ஒருத்தியைக் கூட விடவில்லை. சின்னவள் ஆசைப்பட்டுத் தின்றுவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னாள். முயல்கள் கம்ஷத் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வந்தவை. அவற்றை விற்றுத்தான் துணி துவைக்கும் மெஷின் வாங்கினோம். அது ஓடும்போது அபாவுக்கு முயல் மேல் ஒரு குறையும் தெரிந்ததில்லை. கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். பேத்தியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது, அந்த எரிச்சலை யார் மேலாவது கொட்டியாக வேண்டும்.

தின்றாயா என்று நானே ஒரு நாள் கம்ஷத்திடம் கேட்டேன்.

"திங்கலக்கா. நான் வளத்ததை நான் தின்னதே இல்ல. ஆனா மசக்கையில ஒரு நாள் அவரு வறுத்தாரு பாருங்க, அந்த வாசனைக்கு வாயில எச்சி ஊறிச்சு. அதுவே போதுமோ என்னவோ."

அதைக் கேட்டபோது எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். கிண்ணத்தில் பால் நாளுக்கு நாள் குறைந்தது. எடை பார்க்கும்போது இன்ஜு போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு நாள் அபா கொட்டகைக்கு வந்து, கூண்டு மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த தாய் முயலைக் காட்டினாள்.

"பெத்ததுங்க கிட்டக்கூடப் போகாம எப்படி ஒக்காந்திருக்கு பாரு. வளக்குறவ மாதிரியே."

முயல் விடிகாலையில் ஒரே ஒரு தடவை குட்டிகளிடம் போகும், மளமளவென்று பால் கொடுத்துவிட்டு விலகிவிடும், கூடவே கிடந்தால் நரி மோப்பம் பிடித்துவிடும் என்று அதற்குப் பயம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே கம்ஷத்தான். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வாள். அன்று தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவள் அபாவை நம்பிவிட்டாள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

அந்த வாரமே அவள் புருஷன் தல்காத் வளர்ந்த முயல் இரண்டை அறுத்தான். உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டு வறுத்து, சட்டியோடு நடுவில் வைத்தார்கள். எனக்கு ஐந்தாம் மாதம் என்பதால் அபா எனக்கென்று தனியாக ஆட்டுச் சாற்றில் நூடுல்ஸ் போட்டுக் கிண்ணத்தை என் முன் வைத்தாள். கம்ஷத் மேஜை ஓரத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு யாரும் ஒன்றும் வைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். நானும் இந்த ஊர்க்காரிதான். மசக்கை தொடங்கியதிலிருந்து அந்தக் கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டிருந்தேன். கம்ஷத் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

சட்டியிலிருந்து ஒரு தொடையை எடுத்தேன்.

"கையை எடு மூத்தவளே," என்றாள் அபா.

"பசிக்குது அபா."

"வயித்துல இருக்குறது யாரு வீட்டுப் புள்ளைன்னு நெனவிருக்கா?"

"இருக்கு. அதுக்கும்தான் பசிக்குது."

கடித்தேன். கறி நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. தல்காத் ரொட்டியைப் பிய்த்தபடி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அபா என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தாள்.

"வேணாங்க்கா," என்றாள் கம்ஷத். சிரிஞ்சு அவள் கையிலேயே நின்றுவிட்டது. "கெஞ்சிக் கேக்குறேன், துப்பிடுங்க."

மற்ற யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். அவள் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"பொறக்கும்போது ஒதட்டப் பாத்துக்கலாம்," என்றேன். "அதுவரைக்கும் நீ சாப்புட்டாகணும். இந்தக் கிண்ணத்த நீ காலி பண்ணாத்தான் நான் நிறுத்துவேன்." என் நூடுல்ஸ் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அசையவில்லை. நான் இரண்டாவது துண்டை எடுத்தேன். அதைப் பார்த்ததும் அவள் சட்டென்று கிண்ணத்தை இழுத்து, பிள்ளைக்கு மேலாகக் குனிந்து, கரண்டியைக் கூடத் தேடாமல் சாற்றைக் குடிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் அதிலேயே விழுந்தது. அபா எழுந்து போனாள்.

கையில் இருந்த துண்டைக் கடித்தேன். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் கிண்ணம் காலியாகும் வரை மென்றுகொண்டே இருந்தேன்.