வெள்ளிக்கிழமை பதிந்த சிரிப்பு

ஆறு மணிச் செய்தி முடிந்துவிட்டது, இனி நான்கைந்து பாட்டு, விளம்பரம், அப்புறம் வானொலியில் அவளுடைய சொந்தக் குரல், வெள்ளிக்கிழமையே பதிந்து வைத்த குரல்... கூட்டரசு நெடுஞ்சாலையில் எதுவும் நகரவில்லை. கிள்ளானிலிருந்து ஸ்டூடியோவுக்குக் கிளம்பியிருக்கவே கூடாது, ஆனால் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டிருக்க முடியுமா? காருக்கு முன்னால் ஒரு லோரி. உர்சுலா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நாகையா அண்ணனும் லோரி ஓட்டியவர்தான், ஜெஞ்சாரோமில், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி, பத்து வருடமாக அவளுடைய வானொலி நிகழ்ச்சிக்கு போன் செய்து மனைவி இராஜம்மாவுக்குப் பாட்டுக் கேட்டவர், இன்று காலையில் இறந்துவிட்டார். மகள் தாமரை செய்தி அனுப்பியிருந்தாள். இன்று அவருடைய அறுபதாவது பிறந்தநாள்.

நிலையத்தை மாற்றியமைத்த பிறகு நேயர் அழைப்பு கிடையாது, பெயர் சொல்லக் கூடாது, பாட்டுக்கு மேல் பாட்டு, நடுவில் துண்டு துண்டாகப் பேச்சு. வாரத்துக்கான பேச்சை மொத்தமாகப் பதிந்துவிட்டால் போதும், மாலையில் பங்சார் ஸ்டூடியோவில் கணினி மட்டும் இருக்கும். பொத்தானை அழுத்தினாள், மலாய், சீனம், ஆங்கிலம், எல்லா நிலையத்திலும் யாரோ சிரித்தார்கள், இவர்களில் எத்தனை பேர் இப்போது அங்கே இருக்கிறார்கள்... பழைய இடத்துக்கே திரும்பினாள். நாகையா அண்ணனுக்காக மட்டும் விதியை மீறி, பெயர் சொல்லிப் பிறந்தநாள் வாழ்த்துப் பதிந்திருந்தாள். திங்கட்கிழமை கேளுங்கண்ணே என்று போனில் சொல்லியும் வைத்திருந்தாள். எதற்காக? தன் வார்த்தைக்கு அங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது என்று காட்டவா?

"அறுபது ஆயிடுச்சு, இன்னும் லோரிய விடமாட்டேங்கிறீங்க நாகையா அண்ணே. அடுத்த வருஷமும் நான்தான் வாழ்த்துவேன், எங்கயும் ஓடிப்போயிடாதீங்க." இதுதான் அவள் பதிந்தது, பிறகு அந்தச் சிரிப்பு, ஆளில்லாத அறையில் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தது. ஸ்டூடியோ கணினியைப் பார்த்துக்கொள்ளும் லோகனால் மட்டுந்தான் அதை எடுக்க முடியும், செந்தூலிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறான், லீவு நாள்லகூட விடமாட்டீங்க லா அக்கா என்று முனகிக்கொண்டே கிளம்பினான், போய்ச் சேர்ந்திருப்பானா...

போன் அடித்தது. லோகன் இல்லை, தாமரை.

"அக்கா, அப்பா பேர் எப்ப வரும்? அம்மா ரேடியோவ அவர் தலமாட்டுலயே வச்சிருக்காங்க. சாவு வீட்ல என்ன ரேடியோன்னு சித்தப்பா ஏசுறாரு. அம்மா கேக்க மாட்டேங்கிறாங்க. ஒங்க அப்பா கேக்கணும்னு சொன்னாருங்கிறாங்க."

"கொஞ்ச நேரத்துல வரும்மா," என்றாள். வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

இராஜம்மா ஒருநாளும் போனில் பேசியதில்லை, பின்னால் அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் வரும், அண்ணன் சிரித்துக்கொண்டே வெட்கப்படுறா என்பார். பதிவை எடுத்துவிட்டால் அந்த அம்மா, பெயர் வருமென்று, உடலை எடுக்கும்வரை பாட்டையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விட்டால், கூடத்தில் அத்தனை பேருக்கு நடுவில், ஓடிப்போயிடாதீங்க... அதன் பின்னால் அவள் சிரிப்பு. அதைக் கேட்கக் கூடாதென்று நினைப்பது இராஜம்மாவுக்காகவா, தனக்காகவா? லோரி கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. போன் அடித்தது.

"அக்கா, லோகன்தான், ஸ்டூடியோவுல இருக்கேன், கண்டுபிடிச்சிட்டேன். இந்தப் பாட்டு முடிஞ்சா அடுத்தது அதுதான். எடுக்கட்டா, விடட்டா?"