வேலுத்தாய் மகள் போட்ட பூட்டு

வேலுத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். அதிலும் மகள் தீபலட்சுமியைப் பற்றிய பேச்சென்றால் கேட்கவே வேண்டாம். கோவில்பட்டியில் ஏறிய பஸ் கழுகுமலை போய்ச் சேர்வதற்குள், பக்கத்துச் சீட்டுக்காரிக்கு மகள் கம்ப்யூட்டரில் பார்க்கும் பிளாக்செயின் வேலை பாதி புரிந்திருக்கும், மீதிக்குத் தலைவலி வந்திருக்கும்.

பெருமைப்பட விஷயம் இல்லாமலும் இல்லை. ஊர்க் கண்மாயைத் தூர்வார, வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்ப்பிள்ளைகளும் அவர்களுடைய நண்பர்களும் பணம் அனுப்பியிருந்தார்கள். வேலுத்தாய் தலைவியாக இருக்கும் ஆடு வளர்ப்போர் சங்கம்தான் பொறுப்பு. ஆனால் பணம் யார் கையிலும் இல்லை. தீபலட்சுமி எழுதிய ஸ்மார்ட் கான்ட்ராக்டுக்குள், அதாவது விதிப்படி தானே பணத்தைப் பூட்டித் திறக்கும் கம்ப்யூட்டர் ஒப்பந்தத்துக்குள் இருந்தது. தலைவி செல்போனில் ஒப்புதல் கொடுத்தால் பணம் வெளியே வரும். வாரத்துக்கு இரண்டு லட்சம்தான். அதற்கு மேல் ஒரு பைசா வராது.

அங்கேதான் வந்தது வினை. ஜேசிபி வைத்திருக்கும் அய்யாத்துரை, மொத்தப் பணம் எட்டு லட்சத்தையும் முதலிலேயே கேட்டான். மழை விழுந்துவிட்டால் கரிசலில் வண்டி இறங்காது என்று பயமும் காட்டினான். சங்கத்துப் பெண்கள் கையைப் பிசைந்தார்கள்.

"எம் மக எழுதுனதுதான? ஒரு வார்த்தை சொன்னா தெறந்துரும். நாளைக்கே வாங்கித் தாரேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தாள் வேலுத்தாய்.

வீட்டில் தீபலட்சுமி லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"முடியாதும்மா."

"ஏட்டி, நீதான எழுதுன? நீயே மாத்து."

"எழுதும்போதே எனக்கும் சேத்துத்தான் பூட்டுனேன். இப்ப நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

"அப்ப என்னையக் கள்ளின்னு நெனச்சியாக்கும்?"

"உன்னைய நெனச்சு எழுதலம்மா. என்னைய நெனச்சுத்தான் எழுதுனேன். நாளைக்கு எனக்கு ஒரு நெருக்கடி வந்தா எம் மனசு எப்படிப் போகுமோ, யாரு கண்டா?"

வேலுத்தாய்க்குச் சுருக்கென்றது. கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தாள். தன் கையைத் தானே கட்டிக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? மகளை நினைக்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தலைவி சொன்ன சொல் என்னாவது? எந்த முகத்தோடு ஊர் முன்னால் போய் நிற்பது?

மறுநாள் கண்மாய்க் கரையில் சங்கமே கூடியிருந்தது.

"வாரத்துக்கு ரெண்டு லட்சந்தான் தம்பி. அந்தந்த வாரம் வெட்டுன மண்ணுக்கு அந்தந்த வாரம் பணம். நேத்து நாஞ் சொன்னது தப்பு" என்றாள் வேலுத்தாய்.

அய்யாத்துரை சிரித்தான். "என்னக்கா, பெத்த தாயவே நம்பாத மகளா? அதுக்கா இம்புட்டு நாளும் பெருமையடிச்சீய?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வேலுத்தாய் குனியவில்லை.

"ஆமா தம்பி, பெத்த தாய நம்பல. அது தன்னையவே நம்பல. அதனாலதான் இந்த ஊர எட்டிக்கூடப் பாக்காதவிய நம்மள நம்பிப் பணம் அனுப்பியிருக்காவ. சம்மதம்னா வண்டிய எறக்கு. இல்லன்னா விடு, வேற ஆளு பாக்கோம்."

அய்யாத்துரை சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியில் ஏறினான். அது கண்மாய்க்குள் இறங்கும்வரை வேலுத்தாய் நிமிர்ந்தே நின்றாள்.