ஹருவோ எந்தச் சபை?

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கெட்டுப்போய்க் கதையானது.

செல்வின் என்னிடம் தமிழ் படித்தவன். இப்போது ஓர் இணைய இதழ் நடத்துகிறான். ஒருநாள் கூப்பிட்டு, “டீச்சர், ‘இரும்பு வம்சம்’ பத்தி எழுதித் தரணும். நிறைகள், குறைகள். ரெண்டே தலைப்பு போதும்” என்றான். நான் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியை. திருவனந்தபுரம் கரமனையில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். நாலைந்து சிறுகதைகள் எழுதியதால் அக்கம்பக்கத்தில் எழுத்தாளர் என்று பெயர். ஜப்பான் கார்ட்டூனைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. மற்ற எல்லோரிடமும் கேட்டுவிட்டான் என்பது பிறகு தெரிந்தது.

ஆனால் அந்தத் தொடரை நான் முழுக்கப் பார்த்திருந்தேன். காரணம் அனுஷா. அண்ணன் தங்கப்பனின் மகள். அண்ணன் வீடு தொலைவில், பாறசாலையில் இருப்பதால், விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை கிடைத்தபோது அவள் என்னோடு வந்து தங்கினாள். அத்தையை எங்கள் பக்கம் மாமி என்பார்கள், நான் அவளுக்கு மாமி. சாப்பிடும்போதெல்லாம் டிவியில் அந்த ராட்சச எந்திரம் கைகால் வீசிக்கொண்டிருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று பாகத்தையும் பார்த்து முடித்தேன்.

2

கட்டுரைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“போர் என்பது மனிதகுலத்தின் —”

(வேண்டாம். செல்வினின் இதழில் எல்லாக் கட்டுரைகளும் மனிதகுலத்தில்தான் தொடங்குகின்றன.)

“ஜப்பானிய இயங்குபடங்களில் தலைமுறைத் தொடர்ச்சி என்னும் கருத்தாக்கமானது —”

(இதை வாய்விட்டுப் படித்தபோது விக்கல் வந்தது.)

“அனுஷாவைப் பெண் பார்க்க வந்த பிரஜின், என் வீட்டு பால்கனியில் நின்றுகொண்டு, ‘ஹருவோ ஒரு கோழை’ என்றான்.”

இந்த வாக்கியத்தை அடிக்க மனம் வரவில்லை. கட்டுரை அங்கேதான் கெட்டது.

3

ஹருவோ யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அன்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் கதிதான் உங்களுக்கும்.

‘இரும்பு வம்சம்’ ஒரு குடும்பத்தின் கதை. கடலிலிருந்து வரும் பூதங்களோடு சண்டைபோட ஒரு பெரிய எந்திரம் இருக்கிறது. நெஞ்சுக்குள் ஓர் ஆள் உட்கார்ந்து அதை ஓட்ட வேண்டும். அந்தக் குடும்பத்து இரத்தம் இருந்தால்தான் அது அசையும். முதல் பாகத்தில் தைசோ ஓட்டுகிறார். மூன்றாம் பாகத்தில் அவருடைய பேத்தி மியோ ஓட்டுகிறாள். நடுவில் இருக்கும் மகன்தான் ஹருவோ. அவன் ஏறமாட்டேன் என்கிறான். தோட்டத்தில் தக்காளி நடுகிறான். ஊர் எரிகிறது, அவன் தண்ணீர் ஊற்றுகிறான், தக்காளிக்கு.

எந்திரத்துக்கு ஜப்பான் மொழியில் நீளமான பெயர் ஒன்று உண்டு. நெற்றியில் இரண்டு கொம்பு இருப்பதால் திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் அதைக் கொம்பன் என்கிறார்கள். கோயில் யானைக்குச் சொல்வது போல.

நிறைகள் (செல்வினுக்காக): இதில் எல்லோருக்கும் வயதாகிறது. எந்திரத்துக்கும் ஆகிறது. முதல் பாகத்தில் தோளில் விழுந்த நசுங்கல் மூன்றாம் பாகத்திலும் அப்படியே இருக்கிறது, யாரும் தட்டி எடுக்கவில்லை. முதல் பாகத்தில் கத்திக்கொண்டு சண்டைக்குப் போனவர், மூன்றாவதில் காது கேட்காமல் பேத்தியிடம் “என்னது?” என்கிறார். வென்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பொறுமையாகக் காட்டும் —

(பிரஜின் வந்துவிட்டான். கட்டுரை காத்திருக்கட்டும்.)

4

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை முடிந்து, மத்தியானம் சாய்ந்த நேரம். பாறசாலையிலிருந்து அண்ணன் வந்திருந்தார். பிரஜினும் அவன் அம்மா ராஜபாயும் வந்தார்கள். அப்பா இல்லை. சில வருடங்களுக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டார். சாலைக் கடைத்தெருவில் அவர்களுக்குப் பாத்திரக்கடை இருக்கிறது. பிரஜின்தான் பார்த்துக்கொள்கிறான்.

ராஜபாய் உட்கார்ந்ததுமே காரியத்துக்கு வந்தார்.

“எனக்க மோனுக்குக் கடைன்னா உசிராக்கும். வேற ஒண்ணும் வேண்டாம் அவனுக்கு. அதனால கல்யாணம் கழிஞ்சா, பிள்ள அந்த ஷிஃப்ட் வேலய விட்டுட்டுக் கடைல வந்து இருக்கட்டும். ரெண்டு பேருமாட்டு பாத்துக்கிடலாம் இல்லியா?”

அண்ணன் தலையாட்டினார். அனுஷாவைப் பார்க்கவில்லை. அவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். யார் எங்கே இறங்க வேண்டும் என்று முடிவு செய்வது அவருக்குப் பழக்கம்.

அனுஷாவின் வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். ஓர் அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, தூரத்தில் நிற்கும் பெரிய கிரேனை அசைத்துக் கப்பலிலிருந்து கன்டெய்னர் எடுக்கிறாள். முதல்நாள் வேலை முடிந்து வந்து, “மாமி, நான் கையெ அசச்சா அங்க அது அசையுது!” என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று பால்கனிக்கு அனுப்பினோம். நான் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போடப் போனேன். சமையலறை ஜன்னல் பால்கனியைப் பார்த்துத் திறக்கிறது. அதற்கு ஃபிளாட் கட்டியவர்தான் பொறுப்பு, நான் அல்ல.

முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் அவளுடைய ஃபோன் உறையில் கொம்பன் படம் இருந்ததைப் பிரஜின் பார்த்தான்.

“ஐயோ, நீங்க ‘இரும்பு வம்சம்’ பாப்பீங்களா?”

“மூணு பாகமும். நீங்க?”

“ஒண்ணும் மூணும் அடிபொளி. ரெண்டாவதுதான் சுத்த போர். ஹருவோ ஒரு கோழை.”

எண்ணெய்ச் சத்தத்தில் ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை. பிறகு அனுஷாவின் குரல் கேட்டது.

“அவன் கோழை இல்ல. அந்தக் குடும்பத்துலயே ‘நான் எதுக்கு ஏறணும்?’னு கேட்டது அவன் ஒருத்தன்தான்.”

“கேக்க நேரமா அது? ஊரு எரியுது!”

“ஊரு எரிஞ்சா அவனுக்க அப்பாகிட்ட கேளுங்க. வேற ஆளு ஓட்டுற மாதிரி மிசின் செய்யாம, எனக்க மோன்தான் ஓட்டணும்னு செஞ்சு வச்சது யாரு?”

“கடமைன்னு ஒண்ணு உண்டு, கேட்டீங்களா?”

“இஷ்டம்னும் ஒண்ணு உண்டு.”

5

இந்த இடத்தில் எனக்குப் பிரஜின் மேல் சந்தேகம் வந்தது. மனிதன் மேல் அல்ல, கதைப் பாத்திரத்தின் மேல். பாருங்கள்: ஆசைப்பட்டு எந்திரத்தின் முன்னால் உட்காரும் பெண், உட்கார மறுத்தவனுக்காகச் சண்டை போடுகிறாள். கடையில் உட்கார்ந்திருப்பவன் மறுத்தவனைத் திட்டுகிறான். கதை எழுதுகிறவளுக்கு இது மிகவும் வசதி. இவ்வளவு வசதியாக யாராவது கொண்டுவந்து கொடுத்தால், மீன் வாங்கும்போது செய்வது போல முகர்ந்து பார்க்க வேண்டும்.

முகர்ந்து பார்த்தேன். நடந்தது அதுதான். நான் என்ன செய்ய?

(குறைகளும் இங்கேயே இருக்கட்டும், செல்வின் கேட்டானே. ஒன்று, பாதிச் சண்டையில் நிறுத்திவிட்டு நீளமாகப் பேசுவார்கள், பூதமும் மரியாதையாகக் காத்திருக்கும். இரண்டு, எந்திரம் எழுந்து நிற்கும் காட்சியை ஒருமுறை வரைந்துவிட்டு ஒவ்வொரு வாரமும் அதையே காட்டுவார்கள். மூன்று, முதல் பாகத்துப் பெண்கள் சோறு கட்டிக் கொடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. நான்கு, எல்லாச் சிக்கலும் யாராவது ஒருவர் வீட்டில் வாயைத் திறந்து கேட்டிருந்தால் முதல் வாரமே தீர்ந்திருக்கும். இதைக் குறை என்று எழுதிவிட்டு அன்றைய என் வீட்டுக் கூடத்தை நினைத்துப் பார்த்தேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

6

சண்டை முற்றிவிட்டது. அனுஷா கத்தியது கூடம் வரை தெளிவாகக் கேட்டது.

“இனி ஹருவோவெப் பத்தி ஒரு வார்த்த சொல்லாதீங்க! அவனெ எனக்குத் தெரியும்!”

ராஜபாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அண்ணன் எழுந்துவிட்டார். இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள், முகம் சிவந்து.

“யாரு மோளே அந்த ஹருவோ?” ராஜபாய் மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி. அது ஒரு... ஜப்பான்காரன்.”

“ஜப்பானா?” அண்ணனுக்குக் குரல் உடைந்தது. “போர்ட்டுக்கு வந்தவனா? எந்தச் சபையாக்கும் அவன்?”

“அப்பா, அவன் படம்!”

“படம் எடுக்குறவனா?”

“ஐயோ, வரஞ்ச படம்ப்பா! கார்ட்டூன்! டிவில வர்றது!”

அண்ணன் நாற்காலியில் விழுந்தார். உயிர் திரும்பியதும் சிரித்தார். நானும் பழம்பொரித் தட்டோடு வந்து சிரித்தேன். கதை இந்தச் சிரிப்போடு முடிந்திருந்தால் செல்வின் படமெல்லாம் போட்டு வெளியிட்டிருப்பான்.

ராஜபாய் மட்டும் சிரிக்கவில்லை. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கார்ட்டூனுக்கா இத்தன சண்ட? அவன் என்ன செஞ்சான்?”

“அவனுக்க அப்பா ஓட்டின மிசினெ இவன் ஓட்டமாட்டேன்னுட்டான்ம்மா” என்றான் பிரஜின்.

“அவனுக்கு இஷ்டமில்லன்னா விட வேண்டியதுதானே?”

“எனக்கு மட்டும் இஷ்டமா இருந்துதா?”

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டான். எல்லோரும் அவனைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னான். பெங்களூரில் கார்ட்டூன் வரையும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்த வாரம்தான் அப்பா போனார். அடக்கம் முடிந்ததும் கடைத் திறவுகோலை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தான். வேலை கிடைத்ததை வீட்டில் சொல்லவே இல்லை.

ராஜபாய் எழுந்து மகன் அருகில் வந்தார்.

“நான் கடைய வித்துருவோம்னு சொன்னேனே, மோனே. ஆளு வந்து வெலையும் பேசினான். நீயல்லவா அவனெ வெரட்டி விட்டது? ‘அப்பாக்க பேரு போயிரும்’னு நீதானே சொன்ன?”

“நீங்க அழுதுட்டே இருந்தீங்கம்மா.”

“புருஷன் செத்தா அழமாட்டாளா? நான் என்ன, கடைக்காகவா அழுதேன்?”

யாரும் பழம்பொரியைத் தொடவில்லை.

அனுஷாதான் பேசினாள். அவள் குரலில் இப்போது சண்டை இல்லை. “ஆன்ட்டி, நானும் ஒண்ணு சொல்லிடுதேன். நான் வேலய விடமாட்டேன். அப்பா ஆட்டினது அப்பாக்க தலையெ. எனக்க தலை இஞ்சதான் இருக்கு.”

அண்ணன் வாயைத் திறந்தார். ராஜபாய் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “வேண்டாம் அண்ணே. பிள்ள நேராட்டு சொல்லுது. நேராட்டு சொல்லுதது எங்க வீட்டுல யாருக்கும் தெரியல.”

அவர்கள் போனார்கள். கார் கண்ணில் மறைந்ததும் அண்ணன், “ஒரு கார்ட்டூன் காரணம் நல்ல சம்பந்தம் போச்சு” என்றார். பாறசாலை பஸ் ஏறும்வரை அவர் அனுஷாவிடம் பேசவில்லை. அவள் அன்று டிவி போடவில்லை. கை கழுவும் இடத்தில் நின்று அழுதாள். சம்பந்தம் போனதற்காக அல்ல என்றாள். “அவரெ எல்லாரு முன்னயும் சொல்ல வச்சிட்டேன் மாமி” என்றாள்.

7

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

சில வாரங்கள் கழித்துச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனபோது அந்தக் கடைப்பக்கம் கால் போனது. (இட்லிப் பானை வாங்கப் போனேன் என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். பார்க்கத்தான் போனேன்.) கல்லாவில் ராஜபாய் இருந்தார். பிரஜின் ஏணி மேல் நின்று அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தான். கடையைப் பக்கத்துக் கடைக்காரருக்கு வாடகைக்கு விடப்போகிறார்களாம்.

“பிரஜின் சம்மதிச்சாரா?” என்றேன்.

“எங்க! இப்பொ விட மனசில்லங்கான். இத்தன நாளு இஷ்டமில்லாம இருந்தான். போன்னு சொன்னப்ப போக இஷ்டமில்ல. என்ன பிள்ளயோ!”

ஏணி மேலிருந்து, “எனக்குக் கேக்குது அம்மா” என்று குரல் வந்தது.

“கேக்கத்தானே சொல்லுதேன்!”

அவர்கள் இப்படிச் சத்தம் போட்டுப் பேசிக்கொள்வது எனக்கு நன்றாக இருந்தது. கடைசியில் கடையை வாடகைக்கு விட்டார்கள். பிரஜின் பெங்களூருக்குப் போகவில்லை, அந்த வேலையெல்லாம் எப்போதோ வேறு யாருக்கோ போய்விட்டது. வீட்டிலிருந்து வரைகிறானாம். என்ன வரைகிறாய் என்று கேட்டால் காட்டமாட்டானாம்.

ஒருநாள் அவன் அனுஷாவைக் கூப்பிட்டு, பார்க்க வரலாமா என்று கேட்டான். “அம்மாவும் வேண்டாம், எங்கப்பாவும் வேண்டாம், மாமியும் வேண்டாம். தனியா வந்தா வாங்க” என்றாள். விழிஞ்ஞத்தில் மீன்பிடி வள்ளங்கள் நிற்கும் பக்கம், அவள் வேலை முடிந்ததும் சந்தித்தார்கள்.

8

முடிவுகள்:

(அ) இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அண்ணன் விருந்தில் எல்லோரிடமும், எனக்கு அப்பவே தெரியும் என்கிறார். (அண்ணனுக்கு இது பிடிக்கும். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.)

(ஆ) ஹருவோவைப் பற்றி மறுபடியும் சண்டை வந்து பிரிகிறார்கள். (செல்வினுக்கு இது பிடிக்கும். முதிர்ச்சியான முடிவு என்பான்.)

(இ) அவன் வரைந்ததை அவளிடம் மட்டும் காட்டுகிறான். அவள் —

(இதை முடிக்க முடியவில்லை. அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.)

அன்று அவள் வீடு திரும்பியதும் தட்டை வைத்தேன், எதிரில் உட்கார்ந்தேன், கேட்டேன். “என்ன பேசினீங்க?”

அனுஷா மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள்.

“மாமி, நீங்க இதெ எழுதிட்டிருக்கீங்க, அல்லே?”

“ஒரு கட்டுரை. செல்வின் கேட்டான்.”

“பால்கனில பேசினதெ எழுதிக்கோங்க, நீங்க கேட்டாச்சு. கூடத்துல நடந்ததும் எழுதிக்கோங்க. இன்னைக்கு நடந்தது எனக்குள்ளது. அதெ தரமாட்டேன்.”

கெஞ்சிப் பார்த்தேன். ஒரு வரி போதும் என்றேன். அவள் சிரித்தாள், இன்னொரு மீன் துண்டு கேட்டாள். நல்ல பசி அவளுக்கு. அந்தப் பசிக்கு என்ன அர்த்தம் என்று ஒரு பத்தி எழுதி, பிறகு அழித்துவிட்டேன்.

எனவே வாசகரே, (அ), (ஆ), பாதியில் நிற்கும் (இ), மூன்றும் இங்கே இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஒன்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எது உண்மை என்று அவளிடமே கேட்கலாம் என்று தோன்றினால், இப்போது முடியாது. வேலையில் இருக்கிறாள். பெரிய கப்பல் வந்திருக்கிறது.